இதயத் துடிப்பு மானி: கொழும்பு வெயிலில் கட்டிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து

மாலையில் மரைன் டிரைவில் மெல்ல ஓடிக்கொண்டிருந்தபோது என் கைக்கடிகாரம் நிமிடத்துக்கு 168 துடிப்புகள் என்று காட்டியது. நானோ கூட ஓடிவந்த மைத்துனரோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டிருந்தேன். சந்தேகப்பட்டு நின்று, கழுத்து நாடியில் விரல் வைத்து 15 விநாடிகள் எண்ணி, நான்கால் பெருக்கிப் பார்த்தால் 132தான் வந்தது. கடிகாரம் அதுவரை என் காலடிகளை எண்ணியிருக்கிறது.

கடிகாரத்தின் அடியிலுள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது. குருதி பெருகிக் குறைவதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் மாறுவதால், அந்த மாற்றத்தைக் கொண்டே துடிப்பு கணிக்கப்படுகிறது. பட்டி தளர்ந்து கடிகாரம் குலுங்கினால், குலுங்கும் தாளத்தையே அது துடிப்பென்று எடுத்துக்கொள்கிறது. ஓடுபவரின் காலடிகளும் பெரும்பாலும் நிமிடத்துக்கு 160, 170 என்ற அளவிலேயே விழுவதால் பிழையான எண்ணும் உண்மை போலத் தெரிவதுதான் இதிலுள்ள வில்லங்கம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, தோலோடு ஒட்டியிருக்கும்படி கட்டத் தொடங்கிய பிறகு இந்தக் குழப்பம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் நாட்களில் நான் நெஞ்சுப் பட்டியையே நம்புகிறேன். அது இதயத்தின் மின் சைகையை நேரடியாகப் பிடிப்பதால் வேகம் மாறியதும் எண்ணும் உடனே மாறுகிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லா மானியை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இந்த முறையில்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

வெள்ளவத்தை அண்ணா சொன்ன நெஞ்சுப் பட்டியை நானும் பாவிக்கிறேன். அதைப் பராமரிப்பது பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கட்டுவதற்கு முன் பட்டியின் உட்புறத்தில் தோலைத் தொட்டு மின் சைகையைப் பிடிக்கும் இரண்டு மின்வாய்ப் பகுதிகளையும் தண்ணீரால் நனைக்காவிட்டால், வியர்க்கும் வரை எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். நமது ஊரில் வியர்வைக்குப் பஞ்சமில்லை என்பது வேறு விடயம். அந்த வியர்வைதான் பட்டிக்கு எமனும். ஓடி முடித்து அப்படியே கொடியில் போட்டுவிட்டால் மறுநாள் துணியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும்; கவனிக்காமல் விட்டால் உணரியை (துடிப்பைக் கணிக்கும், கழற்றக்கூடிய சிறு கருவியை) பொருத்தும் உலோகப் பொத்தான்களைச் சுற்றிப் பச்சைக் களிம்பு ஏறத் தொடங்கும். எனவே வீட்டுக்கு வந்ததும் முதலில் உணரியைக் கழற்றி ஈரம் துடைத்து வைத்துவிட்டு, பட்டியைக் குழாய்த் தண்ணீரில் அலசுகிறேன். வாரத்துக்கொரு முறை மென்மையான சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன். துணியை மென்மையாக்கும் திரவமும் வெளுப்பானும் மின்வாய்களைக் கெடுக்கும் என்பதால் அவற்றைப் பாவிப்பதில்லை, முறுக்கிப் பிழிவதுமில்லை. மழைக் காலத்தில் மின்விசிறிக்குக் கீழே விரித்துவிடுகிறேன்.

உணரியை ஈரப் பட்டியிலேயே விட்டுவைத்தால், யாரோ அணிந்திருப்பதாக நினைத்து அது விழித்தே இருக்கும். பொத்தான் பற்றரி சீக்கிரம் தீர்ந்துபோவதற்கு அடிக்கடி காரணம் இதுதான். பற்றரி மாற்றும்போது மூடியிலுள்ள இறப்பர் வளையம் பிசகாமல் அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது விலகியிருந்தால் வியர்வை உள்ளே இறங்கிவிடும்.

பம்பலப்பிட்டியிலிருந்து

கருவி சரியாக இருந்தும் எண் தவறாக வழிகாட்டக்கூடும். 61 வயதான என் அம்மாவுக்குக் கடிகாரம் 220இலிருந்து வயதைக் கழித்து 159ஐ உச்சத் துடிப்பாக வைத்துக்கொண்டு, நடை போதாது என்று தினமும் குறை சொன்னது. அவரோ குருதி அழுத்தத்துக்காக அற்றனோலோல் எடுக்கிறார். அந்த வகை மாத்திரை துடிப்பை உயரவிடாது. விகாரமகாதேவி பூங்காவில் அந்த எண்ணை எட்டுவதற்காக அவர் வேகமாக நடந்து களைப்பதைக் கண்டு வைத்தியரிடம் கேட்டோம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும் என்றார். இப்போது எச்சரிக்கை ஒலியை நிறுத்திவிட்டோம். காலையில் எழுந்ததும் கடிகாரம் காட்டும் ஓய்வுநிலைத் துடிப்பை மட்டும் அம்மா ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக் நாளில் கொண்டுபோகிறார்.