ரீப்ளேஸ் ஆல் அழுத்தினதும் தமிழ்க் கோப்பில் நடந்தது: உங்கள் அனுபவம்

நெடில்:
நாவல் கோப்பு. எல்லாருக்கும் தெரிந்த ஔகாரக் கோளாறுதான். மௌனம் என்பதில் கொம்பு போட்டு ளகரம் தட்டியிருந்தது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. லிப்ரே ஆபிஸில் ரெகுலர் எக்ஸ்பிரஷனாக, அதாவது சொல்லுக்குப் பதில் பேட்டர்ன் கொடுத்துத் தேடும் முறையில், போட்டது இது:

தேடு: ெள(?![ா-்])
மாற்று: ௌ

ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது நிஜ ளகரம், அதைத் தொடாதே என்று அர்த்தம். தெளிவு, வெள்ளி, வெளியே எல்லாம் தப்பித்தன. மெளனம், கெளரவம், பெளர்ணமி திருந்தின. அச்சுக்குப் போகும் முன் எடுத்த பிரதியில் ஓர் உரையாடல்: “அவன் அப்பவே கௌம்பிட்டான்.” அடுத்த பக்கத்தில் “ஒண்ணும் வௌங்கல.” பேச்சில் கிளம்பு என்பது கெளம்பு ஆகிறது, அங்கே ளகரம் குறி எதுவும் இல்லாமல் நிற்கிறது. பேட்டர்ன் சொன்னதைத்தான் செய்திருக்கிறது.

மீட்டது: கௌ(?=ம்ப|ப்ப), அதாவது பின்னால் ம்ப அல்லது ப்ப வந்தால் மட்டும், என்று தேடி கெள, வௌ(?=ங்க|க்க) என்று தேடி வெள. இன்னும் எந்தச் சொல் எங்கே ஒளிந்திருக்கிறதோ.

பனுவல்:
பழைய எழுத்துருவில் இருந்து யூனிகோடுக்கு வந்த கோப்பு. பழையதில் கொம்பு முன்னால், எழுத்து பின்னால். யூனிகோடில் எழுத்துக்குப் பிறகுதான் கொம்பு. அதனால் ெ([க-ஹ]) என்று தேடி $1ெ என்று மாற்ற வேண்டும். அடைப்புக்குள் பிடித்த எழுத்துதான் $1. அதே கோப்பில் அது இரண்டு முறை ஓடிவிட்டது. ‘கெட்டது’ என்பது ‘கடெ்டது’ ஆகி நின்றது. முதல் ஓட்டத்தில் சரியாக உட்கார்ந்த கொம்பு, இரண்டாம் ஓட்டத்தில் அடுத்த எழுத்துக்குத் தாவிவிட்டது.

தலைகீழாக ஓட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஏகாரத்துக்கும் இதே கதைதான். ‘அவனே’ என்பதில் குறிக்குப் பின் எழுத்து இல்லாததால் இரண்டாம் ஓட்டம் அதைத் தொடவில்லை. தலைகீழ் ஓட்டம் தொட்டு ‘அவேன’ ஆக்கிவிடும். மூலக் கோப்பில் இருந்து மறுபடி தொடங்குவது ஒன்றுதான் வழி.

இன்னொன்று, வரிசை. ெ([க-ஹ])ா என்பதை $1ொ ஆக்குவது முதலில் ஓட வேண்டும். தனிக் கொம்பை முதலில் ஓட்டினால் ‘கொ’ என்பது க, கொம்பு, கால் என்று மூன்று துண்டாகிவிடும். திரையில் அச்சு அசல் ‘கொ’தான். விசைப்பலகையில் ‘கொடி’ என்று தட்டித் தேடினால் சில கருவிகளில் ஒன்றுகூட வராது.

அடிக்கோடு:
நெடில் செய்ததில் அடிப்படையே மாறியிருக்க வேண்டும். ஔகாரம் வரும் சொற்கள் தமிழில் கொஞ்சம்தான். எல்லாவற்றையும் பிடித்துவிட்டு விதிவிலக்கை விலக்குவதைவிட, வேண்டியதை மட்டும் பிடிப்பதே சரி: மெள(?=ன), கெள(?=ரவ|தம|சல்), பெள(?=ர்ண|த்த), செள(?=கரி|ந்த|க்கி), யெள(?=வன), வெள(?=வா). ஒளவைக்குத் தனியாக ஒள(?=வை). விட்டுப்போனது ஒன்றிரண்டு இருந்தால் பிறகு கண்ணில் படும். கெடுத்தது கண்ணில் படாது.

என் பங்குக்கு ஒன்று. பாத்திரத்தின் பெயரை மாற்றச் சொன்னார் ஆசிரியர், ரவி என்பவன் குமார் ஆக வேண்டும். வெறுமனே மாற்றியதில் ‘புகை பகுமார்யது’, ‘இகுமார்ல்’, ‘குமார்க்கை’. பரவியது, இரவில், ரவிக்கை மூன்றும் போச்சு. சொல் எல்லைக் குறியான பேக்ஸ்லாஷ் பி-யை இரு பக்கமும் வைத்துப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஓட்டினால் இன்னும் விசித்திரம்: ‘ரவி வந்தான்’ மாட்டவில்லை, ‘ரவியை’ மாட்டியது. உயிர்க்குறியை அது எழுத்தாகவே கணக்கில் வைப்பதில்லை. இகரக் குறிக்கும் இடைவெளிக்கும் நடுவே அதற்கு எல்லை கிடையாது, இகரக் குறிக்கும் யகரத்துக்கும் நடுவே உண்டு.

வேலை செய்தது இந்த வரிசை. முன்னாலோ பின்னாலோ வேறு தமிழ் எழுத்து ஒட்டியிருந்தால் தொடாதே என்பதுதான் [ஃ-ௗ] வரும் அடைப்புகளின் அர்த்தம்:

(?<![ஃ-ௗ])ரவிய([ா-ௌ]) → குமார$1
(?<![ஃ-ௗ])ரவிக்கு → குமாருக்கு
(?<![ஃ-ௗ])ரவி(?![ஃ-ௗ]) → குமார்

முதல் வரியில் ரவியை, ரவியின், ரவியோடு, ரவியும் எல்லாம் ஒரே அடியில் குமாரை, குமாரின், குமாரோடு, குமாரும் ஆகிவிடும். ரவிதான், ரவிகிட்ட போன்றவை மிஞ்சும். அவற்றைக் கையால் பாருங்கள்.

ஒற்று:
வல்லின ஒற்றுக்கு எழுதியது:

தேடு: த்தை ([கசதப])
மாற்று: த்தை$1் $1

மாற்றுப் பெட்டியில் ஒன்று என்ற எண்ணின் தலையில் புள்ளி வைத்த மாதிரி அசிங்கமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ‘மரத்தை பார்த்தான்’ என்பது ‘மரத்தைப் பார்த்தான்’ ஆனது. பக்கம் பக்கமாகச் சரியாகிக்கொண்டே போனது. பிறகு வந்தது: “அத்தைச் சொன்னாள்.” கதை முழுக்க அத்தைதான் பேசுகிறாள்.

இப்போது முதலில் (?<![ஃ-ௗ])(அ|ந|வி|மெ|சொ)த்தை(?= ) என்று தேடி $1த்தை# என்று அடையாளம் வைத்து, ஒற்றுப் பேட்டர்னை ஓட்டி, கடைசியில் # குறியை நீக்குகிறேன். ‘பெரியத்தை’ இதிலும் தப்பாது.

அடிக்கோடு:
அந்தப் பட்டியலில் சொ இருக்கக் கூடாது. சொத்து என்பதன் இரண்டாம் வேற்றுமையும் சொத்தைதான். ‘சொத்தை பிரித்தார்’ என்றால் அங்கே ஒற்று கட்டாயம் வேண்டும்.

பக்கஎண்:
நேர் மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக்க "([^"]*)" என்று தேடி “$1” என்று மாற்றிய கோப்பு ஒன்று. ஓர் உரையாடலில் மூடும் குறி இல்லை. அதற்குப் பிறகு பேச்செல்லாம் குறிக்கு வெளியே, விவரிப்பெல்லாம் குறிக்கு உள்ளே.

காரணம்: எந்த எழுத்தையும் பிடிக்கும் .* பெரும்பாலான கருவிகளில் வரி முடிவில் நின்றுவிடும், ஆனால் [^"]* வரி தாண்டி ஓடும். அடைப்புக்குள் வரி முடிவுக் குறிகளான பேக்ஸ்லாஷ் என், பேக்ஸ்லாஷ் ஆர் இரண்டையும் சேர்த்துவிட்டால் பாதிப்பு அந்த ஒரு வரியோடு நிற்கும்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். பனுவல் சொன்ன மூன்று துண்டு ‘கொ’வுக்கு மருந்து என்எஃப்சி, துண்டுகளைச் சேர்த்து ஒரே வடிவாக்கும் யூனிகோட் முறை. பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ், ஒரே வரி. எந்தத் தேடலுக்கும் முன்னால் அதை ஓட்டுங்கள். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகிவிடும். ஆனால் நெடிலின் ளகரத்தை அது திருத்தாது, அது வேறு எழுத்து. ஸ்ரீயையும் திருத்தாது. ஸகரத்தோடு ஒன்று, ஶகரத்தோடு ஒன்று என்று இரண்டு எழுத்து வரிசைகள் புழங்குகின்றன. [ஸஶ்]ரீ என்று எழுதிவிடாதீர்கள், புள்ளி அடைப்புக்கு வெளியே வர வேண்டும்: [ஸஶ]்ரீ. அடுத்து, இணையத்தில் இருந்து ஒட்டியதில் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லாக் குறிகள் ஒளிந்திருக்கும், யூனிகோட் எண் 200பி முதல் 200டி வரை. தூய தமிழ் உரை என்றால் அவற்றை முதலிலேயே நீக்குங்கள். தமிழ் எண்ணும் பாருங்கள்: படத்தில் இருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் ககரத்தை ௧ என்றும் உகரத்தை ௨ என்றும் படித்திருக்கும், [௦-௯](?=[ஃ-ௗ]) போட்டால் பெரும்பாலும் மாட்டும். பைத்தானில் சொல்லின் எழுத்துகளைப் பிடிக்க வேண்டிய பேக்ஸ்லாஷ் டபிள்யூவை நம்பாதீர்கள், ‘தமிழ்’ என்பதை ‘தம’, ‘ழ’ என்று இரண்டு சொல்லாகத் தரும். [ஃ-ௗ]+ போதும்.

வரி முடிவில் இருக்கும் வெற்றிடத்தை நீக்குவதுகூட ஆபத்தில்லாத வேலை அல்ல. 2016 ஜூலை 20 அன்று நிரலர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியது அப்படி ஒரு பேட்டர்னால்தான். ஒரு பதிவில் சுமார் 20,000 வெற்றிடம் வரிசையாக இருந்தது, ஆனால் வரி அதோடு முடியவில்லை. ஒவ்வொரு வெற்றிடத்தில் இருந்தும் தொடங்கி, முடிவு வரை போய், தோற்று, அடுத்ததில் இருந்து மறுபடி. மொத்தம் 20 கோடி சோதனை.

நெடில்:
அடிக்கோடு கொடுத்த பட்டியலை மூலக் கோப்பில் ஓட்டினேன். கெளம்பு, வெளங்கல இரண்டும் அப்படியே இருக்கின்றன. விட்டுப்போனவை தெளலத் என்ற பெயரும், ஒரே இடத்தில் செளராஷ்டிரமும். தெள(?=லத்), செள(?=ராஷ்) சேர்த்துக்கொள்ளுங்கள்.