யாருக்குப் போட்டோம் என்று கட்சிக்காரர் கண்டுபிடிப்பார்களா?

முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம் இருந்து கேட்கிறேன். போன வருஷம் பிரதேச சபைத் தேர்தலுக்கு முன் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு ஒரு கட்சி ஆள் வந்து, "பெட்டி எண்ணேக்க எல்லாம் தெரியும், பிறகு ரோட்டுக் கேட்டு வரப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அரசாங்கம் தரும் அஸ்வெசும உதவிக் காசை வெட்டிப்போடுவாங்களோ என்ற பயத்தில் அம்மா அவர் சொன்ன சின்னத்துக்கே புள்ளடி போட்டுவிட்டா. உண்மையிலேயே தெரியுமா?

பதில் 1
தேர்தல் கடமை செய்தவன் நான். தனி ஆளின் வாக்குத் தெரியாது, அம்மாவுக்கு அதை அடித்துச் சொல்லுங்கோ. ஆனால் ஊரின் வாக்குத் தெரியும். பாராளுமன்றத் தேர்தலில் பல சாவடிப் பெட்டிகளைக் கலந்து எண்ணுவார்கள். உள்ளூராட்சிக்கு 2018இல் இருந்து வட்டாரத்திலேயே எண்ணுகிறார்கள், ஆகவே எந்த ஊர் யாருக்குப் போட்டது என்பது அன்று இரவே தேநீர்க் கடைக்கு வந்துவிடும். அந்த ஆள் சொன்னது பாதி உண்மை, அதுதான் ஆபத்து.

அஸ்வெசும நலன்புரி நன்மைகள் சபையின் புள்ளிக் கணக்கில் போகிறது. கட்சிக்காரர் அதை வெட்ட ஏலாது.

பதில் 2
2025 ஏப்ரலில் மன்னாருக்கு வந்த ஜனாதிபதியே தங்கள் கட்சி பிடிக்கும் சபைக்குக் காசு உடனே, மற்றவர்களின் திட்டங்களைப் பத்துத் தரம் பார்ப்போம் என்ற மாதிரித்தானே பேசினார். மேலே இருப்பவர் மேடையில் சொல்வதைக் கீழே இருப்பவர் சங்கக் கூட்டத்தில் சொல்கிறார், வேறென்ன. எங்கட தமிழ்க் கட்சிகளும் லேசுப்பட்டவையில்லை, மாற்றிப் போட்டால் துரோகி என்பது வெருட்டு இல்லையோ?

பதில் 3
வயது போனவர்களுக்கு 2005 ஜனாதிபதித் தேர்தல் ஞாபகம் இருக்கும். வாக்குப் போடாதே என்ற புலிகளின் அழுத்தம் அது. அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த சனம் வாக்குப் போடுவதென்றால் ஓமந்தை போன்ற சோதனைச் சாவடிகளைத் தாண்டி வரவேண்டும், பெரும்பாலானோர் வரவில்லை. மகிந்த வென்றது இரண்டு லட்சத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். அதன் பிறகு நடந்ததை வன்னிக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, இப்போதைக்கு: வெருட்டி வாக்குக் கேட்பது தேர்தல் குற்றம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள தேர்தல் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், சங்கமாகச் சேர்ந்து கொடுத்தால் தனி ஆளின் பெயர் அடிபடாது.

கேட்டவர்
நன்றி அண்ணா. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப ஏன் அவன் வாக்காளர் அட்டை இலக்கத்தைக் கொப்பியில எழுதிக்கொண்டு போனவன்?" என்று கேட்கிறா. என்ன சொல்ல?