கன்தோஹங்கி: 'தாங்குபனி' என்று வைக்கலாம்

> ஃபின்னியச் சொல் கன்தோஹங்கி. கன்தோ என்றால் வெட்டிய மரத்தின் அடிக்கட்டை; ஹங்கி என்றால் தரைப்பனி. தமிழில் 'கட்டைப்பனி' சரியாக வருமா?

வராது ஐயா. ஆள் நடந்தாலும் கால் புதையாதபடி இறுகிய தரைப்பனிதான் கன்தோஹங்கி. அகராதியில் கன்தோ இரண்டு உண்டு. நீங்கள் எடுத்தது வேறொன்று. இந்தச் சொல்லில் இருப்பது, 'சுமத்தல், தாங்குதல்' எனப் பொருள்படும் கன்தா என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். செயற்கைக்கோளைச் சுமந்து செல்லும் ஏவுகலத்தைக் கன்தோராகெத்தி என்கிறார்களே, அதே கன்தோதான். ஹங்கியும் பொதுவான பனி அல்ல, அதற்கு லுமி என்ற சொல் இருக்கிறது. விழுந்து தரையை மூடிக் கிடப்பது மட்டுமே ஹங்கி.

பொருளையும் பார்த்துவிடுவோம். வசந்த காலத்தில் பகல் வெயிலுக்கு மேற்பனி உருகி, நீர் பனிமணிகளுக்கு இடையே இறங்கும். மேகமில்லாத இரவில் பரப்பு வெப்பத்தை இழந்து 0 பாகைக்குக் கீழே போகும்போது, அந்த நீர் உறைந்து மணிகளைப் பிணைத்துவிடும். காலையில் ஆள் நடந்தாலும் கால் புதையாது. வெயில் ஏறினால் பிணைப்பு தளர்ந்து முழங்கால்வரை இறங்கும். இரவில் மேகம் மூடியிருந்தால் பல நேரம் பரப்பு இறுகுவதே இல்லை. ஆக, தாங்குவதுதான் இந்தச் சொல்லின் உயிர். என் பரிந்துரை 'தாங்குபனி'. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது, 'தாங்குப்பனி' பிழை.

> பனி இப்படி ஆளைத் தாங்கும் நிலையைக் குறிக்கும் ஹங்கிகன்தோவுக்குப் 'பனித்தாங்கல்'?

அதே இரு சொற்கள் முன்பின்னாக மாறியிருக்கின்றன. தமிழைப் போலவே அங்கும் தலைச்சொல் கடைசியில்தான் வரும். அதனால் முன்னது பனியின் பெயர், இது தாங்குதலின் பெயர். 'ஹங்கி கன்தா', அதாவது 'பனி தாங்குகிறது' என்ற தொடரில் பனிதான் எழுவாய். தமிழிலோ 'பனித்தாங்கல்' என்றதும் பனியைத் தாங்குதல் என்றே படிப்போம். கூரைமேல் சேரும் பனிச்சுமை பற்றிய கட்டுரையில் இது பெருங்குழப்பம் தரும். 'மனத்தாங்கல்' வேறு நினைவுக்கு வருகிறது. 'தாங்குபனி நிலை' சற்று நீளம்தான், ஆனால் ஐயத்துக்கு இடமில்லை.

> வெறும் 'பனி' என்றால் நம்மவர்க்கு மார்கழிப் பனிதானே? 'பனிப்பொருக்கு' எனலாமே?

'தாங்கு' முன்னால் நிற்கும்போது பனித்துளி என்று யாரும் கொள்ள மாட்டார்கள். 'பொருக்கு' அருமையான சொல். ஆனால் மிதித்தால் நொறுங்கும் மெல்லிய மேலோடும் பொருக்குதான். தாங்கினாலும் நொறுங்கினாலும் எல்லா மேலோட்டுக்கும் பொதுப்பெயராகப் 'பனிப்பொருக்கு' இருக்கட்டும். அதில் ஆளைத் தாங்கும் வகைக்கு மட்டும் 'தாங்குபனி'.