அப்பாவின் வள்ளத்தில் இரண்டாவது ஆள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு 71 வயது, இன்றும் கடலுக்குப் போகிறார். நான் பதினொரு வருடமாக பஹ்ரைனில் இருக்கிறேன். அங்கேயும் மீன்பிடிதான். கடல் பிடிக்காமல் போனவன் இல்லை நான். ஊரில் எண்ணெய்க் காசைக் கழித்தால் பல நாள் கையில் ஒன்றும் நிற்காது. அங்கே படகு அரபியுடையது, கூடு வைத்துப் பிடிக்கிறோம், பங்கு போக வீட்டுக்கு அனுப்ப ஏதாவது மிஞ்சும். எங்கள் தெருவில் என் வயசுக்காரர்கள் பலர் இப்படித்தான் சவுதி, கத்தார், ஈரான் என்று கிடக்கிறார்கள். 2020 கொரோனாவில் சித்தி மகன் ஈரானில் மாட்டிக்கொண்டான். ஜூலை 1ஆம் தேதி கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ஜலாஷ்வா பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியதே, அதில் வந்தவன்தான். இனி போகமாட்டேன் என்று அடித்துச் சொன்னவன், அடுத்த வருடமே பெட்டி கட்டிவிட்டான்.

தம்பி கோயம்புத்தூரில் ஏசி மெக்கானிக். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர் பக்கம் எத்தனை வீட்டில் ஆள் திரும்பவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவனை வலையைத் தொடவிடவில்லை. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

போன டிசம்பரில் லீவுக்கு வந்தேன். விடியற்காலை நாலு மணிக்கு அப்பாவைத் தேடிக் கரைக்குப் போனால், வள்ளத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். என்ன என்று கேட்டேன். தள்ள ஆள் வரவேண்டுமாம். கூடப் போகிற மாமாவுக்கு முழங்கால் போய்விட்டது, ஒரு மாதமாக வருவதில்லை. ஃபைபர் வள்ளம்தான் என்றாலும் ஈர மணலில் ஒற்றை ஆள் அசைக்க முடியாது. யாராவது அந்தப் பக்கம் வந்து தோள் கொடுக்கும்வரை தினமும் காத்திருக்கிறார். அரை மணி நேரம் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டால் அன்றைக்குத் தொழில் இல்லை. போனில் ஒரு நாளும் இதை என்னிடம் சொன்னதில்லை.

ஆள் வெளியூர் போனால் ஒரு கூலி குறைகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். குறைவது தொழிலே. கரமடி என்பது கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை, அதற்கு இரண்டு பக்கக் கயிற்றையும் இழுக்க முப்பது பேராவது வேண்டும். எங்கள் தாத்தாவின் கரமடி எப்போதோ நின்றுவிட்டது. இரண்டு பேர் இருந்தால் வலை விடலாம். ஒருவர் என்றால் தூண்டில்தான். அப்பா இப்போது தூண்டிலுக்கு வந்துவிட்டார். வலை கொட்டகையில் எலி கடித்துக் கிடக்கிறது.

அன்றைக்கு நானும் ஏறிக்கொண்டேன். அவர் ஜிபிஎஸ் வைத்துக்கொள்வதில்லை, கணியம் பார்த்துத்தான் பாரை, அதாவது கடலடிப் பாறையை, கண்டுபிடிப்பார். கரையில் ஒரு அடையாளம், அதற்குப் பின்னால் மலையில் ஒரு அடையாளம், இரண்டும் ஒரே நேரில் வந்தால் ஒரு கோடு. வேறு பக்கம் அதேபோல் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கீழே பார் இருக்கும், கலவா மீன் கிடக்கும். வேளிமலையைக் காட்டி, "மக்களே, அந்த வெட்டுக்கு நேரா பழைய குருசடி நிக்கணும்" என்றார். பார்த்தேன். சிலுவை வைத்த அந்தச் சின்னக் குருசடி தெரியவில்லை. நான் அனுப்பிய காசில் கட்டிய இரண்டு மாடி வீடுதான் தெரிந்தது, அதை மறைத்துக்கொண்டு.

"இப்ப உனக்க வீட்டுத் தண்ணி டேங்கைத்தான் வச்சுப் பாக்கேன்" என்றார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை, அடையாளம் மாறியதைச் சொன்னார், அவ்வளவுதான்.

அன்றைக்கு மூன்று கலவா, கொஞ்சம் நவரை. கரைக்கு வந்ததும் வலையை விற்றுவிடட்டுமா என்று கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் வீடுகளில் எப்படி இருக்கிறது, எழுதுங்கள்.

பாம்பனிலிருந்து ஒரு பதில்

அண்ணா, உங்க அப்பா வள்ளத்துக்கிட்ட காத்திருந்ததைப் படிச்சதும் எங்க அம்மா ஞாபகம்தான். அம்மா கடல்பாசி எடுக்கப் போறவங்க. மரிக்கொழுந்து பாசி, கட்டக்கோரைன்னு ரெண்டு வகை. விரலெல்லாம் துணி சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, இடுப்புல பையக் கட்டி மூச்சுப் பிடிச்சு முங்கணும். கைய விரிச்சா இன்னும் பாறை கீறின தழும்பு வரிவரியா இருக்கும். இங்க மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவும் 1986-லேயே தேசியப் பூங்கா ஆயிடுச்சு, அதனால எப்பவும் பயந்து பயந்துதான் தொழில். பாசி அழிஞ்சிடக் கூடாதுன்னு மாசம் 12 நாள் மட்டும் போறதுன்னு பொம்பளைங்க தாங்களே பேசி வச்சாங்க. அப்படிப் பாத்துப் பாத்துக் காப்பாத்தின கடல் இது.

முந்தி அம்மா போற வள்ளத்துல பத்துப் பேர் ஏறுவாங்க, இப்ப நாலு பேர். எண்ணெய்ச் செலவு அதே செலவுதான், அதை நாலா வகுக்கணும். அந்த நாலு பேர்ல அறுபது தாண்டாதவங்க ஒருத்தர்தான். நான் திருச்சியில நர்ஸ் வேலை பாக்குறேன். அம்மா என்னை ஒரு தடவை கூட தண்ணிக்குள்ள இறங்க விட்டதில்ல. "நீ முங்கவா படிக்க வச்சேன்"னு கேப்பாங்க. எனக்கும் முங்கத் தெரியாது. தெரிஞ்சிருக்கலாமோன்னு இப்பத் தோணுது.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பதில்

எங்கள் படகில் ஒடிசா பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். பேரன் சென்னைக்குப் போனபின் தாத்தா அவர்களிடம்தான் பேசுகிறார். நீரோட்டம் தெற்கே இழுத்தால் வாநீவாடு, வடக்கே இழுத்தால் சோநீவாடு என்று கையைத் தண்ணீரில் விட்டுக் காட்டிக் கொடுத்திருக்கிறார். பெரியவன் இப்போது நாங்கள் கேட்காமலேயே நீவாடு பார்த்துச் சொல்கிறான். முட்டத்து அண்ணனுக்கு ஒன்று: வலையை விற்காதீர்கள். எலி கடித்ததை முடைந்து வைக்கச் சொல்லுங்கள்.