பிள்ளைகளுக்குப் பணம் தராமல் இழுத்தடிக்கும் அப்பா: ஜீவனாம்ச வழக்கில் பார்த்ததும் தெரிந்துகொண்டதும்

மனு எழுதித் தருபவர், மதுரை

மனு எழுத வரும் பெண்களில் பலர் கல்யாண ஆல்பத்தை மட்டும் கொண்டு வருகிறார்கள். கல்யாணம் நடந்ததற்கு அது சான்று. ஆனால் கணவருடைய வருமானத்துக்கு ஒரு தாளும் இருக்காது. பிரிந்து வந்த பிறகு அந்தத் தாள்களைத் தேடுவது பெரிய பாடு. அதனால் வீட்டில் இருக்கும்போதே இவற்றைப் போனில் படம் எடுத்து வையுங்கள்: சம்பளச் சீட்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம், படிவம் 16 (வரிப் பிடித்தத்துக்கு நிறுவனம் தரும் சான்று), பி.எஃப். எண், வண்டியின் ஆர்.சி., எல்.ஐ.சி. ரசீது, வீட்டு வரி ரசீது, பத்திரத்தில் சர்வே எண் உள்ள பக்கம். தமிழ்நாட்டில் ஊரும் சர்வே எண்ணும் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்துவிடலாம். மனு போட்டதும் மனையைத் தம்பி பேருக்குத் தானசெட்டில்மென்ட் (தானப் பத்திரம்) எழுதுகிறவர்கள் உண்டு. அந்தத் தேதி வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். நோட்டீஸ் போன தேதியையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் நீதிபதிக்கு விளக்கவே வேண்டாம்.

அடுத்தது செலவுப் பட்டியல். “மாதம் 20,000 வேண்டும்” என்று மொத்தமாக எழுதினால் அப்படியே வெட்டப்படும். பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 36,000 என்றால் மாதம் 3,000 என்று பிரித்து எழுதுங்கள். வேன், டியூஷன், மருந்து, சீருடை, ஷூ, வாடகையிலும் மளிகையிலும் பிள்ளையின் பங்கு என ஒவ்வொன்றும் தனி வரியாக வரட்டும். எந்த வரிக்கு ரசீது இருக்கிறதோ அதன் பக்கத்தில் ரசீது எண்ணைப் போடுங்கள். மருந்துக் கடைச் சீட்டு ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும், வாங்கியதுமே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர், கோவை

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு வந்திருக்கிறது. உள்ளே இருப்பது ஏறக்குறைய அதேதான். எந்த மதமானாலும் பொருந்தும். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம்.

நான் வலியுறுத்திச் சொல்வது ஒன்று. மனுவில் அம்மாவை முதல் மனுதாரராகவும், ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனி மனுதாரராகவும் போடுங்கள். அம்மாவுக்கு வேலை இருக்கிறது என்று அவர் பங்கு தள்ளுபடியானாலும் பிள்ளைகளின் பங்கு அதோடு சேர்ந்து போகாது. உத்தரவிலும் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். பரஸ்பர விவாகரத்தில் “பிள்ளைக்கும் எதுவும் கேட்க மாட்டேன்” என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா? பிள்ளையின் உரிமையை அம்மா எழுதிக் கொடுத்துவிட முடியாது. தயங்காமல் மனு போடுங்கள்.

முதல் நாளே இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் சேர்த்துப் போட வேண்டும். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் கூடியவரை அதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தள்ளிப்போகிறது என்பது உண்மை. ஆனால் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு இரண்டு விஷயங்கள் நம் பக்கம் வலுவாக உள்ளன. ஒன்று, ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட்டுத் தர வேண்டும். ஆகவே இழுத்தடிப்பதால் அவருக்குப் பாக்கிதான் ஏறும். இரண்டு, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அவர் அதைத் தாக்கல் செய்யாமல் வாய்தா வாங்கினால் அந்தத் தீர்ப்பைச் சொல்லி, அவருடைய வாதத்தை நீக்கக் கேளுங்கள்.

உங்கள் பிரமாணப் பத்திரத்தில் உங்கள் சம்பளத்தை மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது வெளிப்பட்டால் மற்ற உண்மைகளும் சேர்ந்து அடிபடும். அம்மா சம்பாதிப்பதால் அப்பாவின் பொறுப்பு போய்விடாது. பிள்ளைகளின் படிப்புச் செலவு இருவர் வருமானத்துக்கும் ஏற்பப் பிரியும், அவ்வளவுதான்.

சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை, திருச்சி

வக்கீல் சார் சொன்ன பிரமாணப் பத்திரத்தோடு சம்பளச் சீட்டு வரும். அதை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன், ஏமாற்று பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

மொத்தச் சம்பளம் 62,000, கைக்கு வருவது 24,000 என்று ஒரு சீட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் போன 38,000 எங்கே? பிடித்தங்களை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். வருமான வரி, தொழில் வரி, கட்டாய பி.எஃப். ஆகியவை சட்டப்படி பிடிப்பவை, அவற்றைக் கழிப்பது நியாயம். அதற்குக் கீழே விருப்ப பி.எஃப். 12,000, சொசைட்டி கடன் 9,000, பண்டிகை முன்பணம் என்று இருந்தால் அதெல்லாம் அவராக எழுதிக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னது. ஒரு பகுதி அவருடைய சேமிப்பு, ஒரு பகுதி அவர் ஏற்கெனவே கையில் வாங்கிய பணம். பிள்ளைக்குத் தர வேண்டியதை இவற்றைக் காட்டிக் குறைக்க முடியாது. ஒரு மாதச் சீட்டை மட்டும் ஏற்காதீர்கள். பிரிவதற்கு முந்தைய ஆறு மாதச் சீட்டையும் கேளுங்கள். விருப்ப பி.எஃப். எந்த மாதம் திடீரென்று ஏறியது என்று அதில் தெரியும்.

சீட்டே தர மறுத்தால், நிறுவனத்திடமிருந்து சம்பளச் சான்றை வரவழைக்க நீதிமன்றத்தில் மனு போடலாம், புதிய சட்டத்தில் 94-ஆம் பிரிவு. நிறுவனத்தின் சரியான பெயரும் முகவரியும் பணியாளர் எண்ணும் கொடுத்தால்தான் பதில் சீக்கிரம் வரும். “சென்னையில் ஐ.டி. கம்பெனி” என்று எழுதினால் கடிதம் திரும்பிவிடும்.

மனு எழுதித் தருபவர், மதுரை

இப்போது பாக்கி வசூல். இங்கேதான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள், மனசு கொதிக்கிறது. உத்தரவு வாங்கிய களைப்பில் “அடுத்த மாதம் போடுவார்” என்று காத்திருக்கிறார்கள். காத்திருக்கக் காத்திருக்கப் பழைய மாதங்கள் கையைவிட்டுப் போகின்றன.

144-ஆம் பிரிவில் வாரண்ட் மூலம் வசூலிக்க, பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி 12,000 தர வேண்டும் என்று உத்தரவு. 2024 ஜனவரியிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை. நீங்கள் 2025 ஜூன் 1-இல் மனு போட்டால் ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதம், 60,000 ரூபாய், வாரண்ட் வழியில் கிடைக்காது. கடன் அழிந்துவிடவில்லை, சிவில் வழியில் கேட்கலாம் என்று பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது இன்னொரு வழக்கு, இன்னொரு அலைச்சல். மூன்று மாதம் தவறினாலே பாக்கி மனு போட்டுவிடுங்கள். முதல் மனு நிலுவையில் இருந்தாலும் அடுத்த மூன்று மாதத்துக்கு இன்னொன்று போடலாம்.

மனுவோடு கணக்குத் தாள் ஒன்று இணைக்க வேண்டும். நான்கு கட்டம் போதும்: மாதம், தர வேண்டியது, வந்தது, மீதி. வங்கி ஸ்டேட்மென்டில் அவர் போட்ட தொகைக்கெல்லாம் மார்க்கரால் கோடு போட்டு அதையும் இணையுங்கள். அவர் போட்ட 2,000-ஐ விட்டுவிட்டால் அதை வைத்தே கணக்கு முழுவதும் பொய் என்று வாதிடுவார்கள்.

வாய்தா நாளன்று 5,000 கட்டிவிட்டு அடுத்த தேதி வாங்குவது வழக்கமான தந்திரம். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் “பகுதித் தொகை, பாக்கி இவ்வளவு” என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். ரொக்கமாக வாங்கவே வேண்டாம். வங்கிக் கணக்கு எண்ணை உத்தரவிலேயே எழுதி வாங்கிவிட்டால் “கையில் கொடுத்தேன்” என்ற பேச்சு எடுபடாது. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்ததையும் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததையும் கணக்கில் கழிக்கச் சம்மதிக்காதீர்கள்.

“ஜெயிலுக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன், கடன் தீர்ந்தது” என்று சவால் விடுகிறவர்களும் உண்டு. தீராது. சிறை என்பது பணம் கட்ட வைக்கும் வழி மட்டுமே, கட்டியதாக ஆகாது என்று குல்தீப் கவுர் வழக்கில் 1989-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர், கோவை

மேலே உள்ளதோடு சேர்த்துச் சொல்கிறேன். மாதச் சம்பளக்காரருக்கு வாரண்டைவிடச் சம்பளத்தைப் பிடிப்பதுதான் நிற்கும் வழி. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன் 20(6) பிரிவில், முதலாளியே நேராக உங்கள் கணக்கில் போடும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவில் ஜீவனாம்ச டிக்ரிக்கு மூன்றில் ஒரு பங்கு சம்பளத்துக்குத்தான் விலக்கு. 45,000 சம்பளத்தில் 30,000 வரை பிடிக்கலாம். வேலை மாறினால் புது நிறுவனத்துக்குப் புது மனு போட வேண்டியிருக்கும், கண்காணித்துக்கொண்டே இருங்கள்.

சொந்தத் தொழில், தினக்கூலி என்றால் இது எடுபடாது. அங்கே வண்டி, நகைக்கடன் ரசீது, வாடகை வரும் கடை என்று ஜப்தி செய்யக்கூடியதைப் பட்டியலிட்டுத் தர வேண்டும். “எனக்கு வேலையே இல்லை” என்பதை நீதிமன்றம் அப்படியே ஏற்பதில்லை. உடல் நலத்தோடு இருப்பவர் கூலி வேலை செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவில் குறிப்பிடுங்கள்.

பணம் தரவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பார்க்கவிடாமல் செய்யாதீர்கள். இரண்டும் தனித்தனி. தடுத்தால் அவர் அதைக் காட்டியே பணத்தை நிறுத்துவார்.

சட்ட உதவித் தன்னார்வலர், திருநெல்வேலி

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிற்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 எண்ணிலும் கேட்கலாம்.

நோட்டீஸை வாங்காமல் ஓடுகிறார் என்றால் திரும்பி வந்த கவரைத் தூக்கிப் போடாதீர்கள். “பெற மறுப்பு” என்று தபால்காரர் எழுதியிருந்தால் அது சேர்ந்ததற்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படும். “வீடு பூட்டியிருந்தது” என்று இருந்தால் மறுபடி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வீட்டு முகவரி, வேலை இடம், அவருடைய பெற்றோர் வீடு என மூன்றுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பக் கேளுங்கள். வேண்டுமென்றே தவிர்க்கிறார் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்தால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது அவர் இல்லாமலே, உத்தரவு போடலாம். அதன் பிறகு அவர் மூன்று மாதத்துக்குள் வந்து ரத்து கேட்க முடியும். அதனால் எக்ஸ்பார்ட்டி உத்தரவு கிடைத்த வாரமே அதன் நகலைப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பி, அந்த ரசீதைக் கோப்பில் வைத்துவிடுங்கள்.