1801: காளையார்கோயில் விழுந்தது பீரங்கியாலா, பட்டாபிஷேகத்தாலா?

வைகைக்கரை:
கும்பெனிக்கு, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனிக்கு எதிரான மருது சகோதரர்களின் போர் 1801 அக்டோபர் 1 அன்று காளையார்கோயிலில் தோற்கவில்லை. செப்டம்பரில் சோழபுரத்திலேயே தோற்றுவிட்டது. படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவராகக் கும்பெனிப் படைத்தலைவர் கர்னல் அக்னியூ அங்கே முடிசூட்டினார். மருதுக்கள் பிரதானிகள், அதாவது அமைச்சர்கள்; உடையத் தேவரோ அரச வழியில் வந்தவர். அதுவரை ஒரே பக்கம் நின்ற சீமை அன்றோடு இரண்டாகப் பிரிந்தது.

விருப்பாச்சி:
முடிசூட்டு விழாவால் கோட்டை விழுமா அண்ணே? கோளாறு காலக்கணக்கில்தான். 1800 ஜூனில் கோவைக் கோட்டை மீது பாளையக்காரர்கள் நடத்திய தாக்குதல் கெட்டது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியது 1801 பிப்ரவரி 2. அவருடைய பஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மே 24 அன்று விழுந்தது. கும்பெனியை எதிர்க்க எல்லோரையும் அழைத்த ஜம்புத்தீவு அறிக்கையைச் சின்ன மருது திருச்சியில் ஒட்டவைத்தது ஜூன் 16, அதாவது 23 நாள் கழித்து! ஒரு முனை அணைந்த பிறகே அடுத்த முனை பற்றியது. கும்பெனிக்கு ஒரே படையை இடம் மாற்றி மாற்றி நிறுத்தினால் போதுமாக இருந்தது. திப்பு 1799-லேயே விழுந்துவிட்டதால் மைசூர்ப் பக்கக் கவலையும் அதற்கு இல்லை.

தொண்டிச்சாலை:
பஞ்சாலங்குறிச்சியைப் பார்த்தால் பீரங்கிக் கணக்கும் புரியும். மண்சுவரில் குண்டு புதைந்துபோகும், கல்சுவர்போல் பிளக்காது. மார்ச் 31 அன்று உடைப்பு வழியாக ஏறியவர்களை உள்ளிருந்து நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளினார்கள். கூடுதல் படையும் பீரங்கியும் வந்து சேர்ந்த பிறகே மே மாதத்தில் அது விழுந்தது.

வைகைக்கரை:
அந்தக் கணக்கு காட்டில் செல்லவில்லையே ஐயா! சிறுவயலைச் சின்ன மருதுவே கொளுத்திவிட்டுப் பின்வாங்கினார். ஜூலை கடைசியில் அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் கும்பெனிப் படை காடு வெட்டிப் பாதை போடத் தொடங்கியது. மரம் வெட்டுபவனுக்குக் காவல், காவலுக்குச் சோறு, சோற்று வண்டிக்கு மறுபடி காவல். புதருக்குள்ளிருந்து ஓயாமல் தாக்குதல். குறுக்கே மண்மேடு எழுப்பி வழியையும் மறித்தார்கள். ஒரு மாதம் வெட்டியும் கோயிலை எட்ட முடியாமல் ஒக்கூருக்குத் திரும்பினார்கள். இன்று தொண்டி சாலையில் தெரியும் சீமைக்கருவேலத்தை வைத்து அந்தக் காட்டை எடைபோடாதீர்கள். ஆகஸ்டில் நுழைய முடியாத படை அக்டோபரில் மூன்று பக்கமாக நுழைந்தது, அதில் ஒரு பிரிவு மறைவழியில். வழி தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் அது நடக்குமா? அந்த ஆளைத் தந்தது சோழபுரம்தான்.

விருப்பாச்சி:
காட்டைப் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று பக்கமாக வர ஆள்பலம் எங்கிருந்து வந்தது? விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரின் திண்டுக்கல் முனையும் அதற்குள் ஒடுங்கிவிட்டது. ஜூலை 31-ல் ஆற்காட்டு நவாபும் கர்நாடகத்தின் (அன்று தமிழ்ப் பகுதிகள் அடங்கிய அவரது ஆட்சிப் பகுதியின்) ஆட்சி முழுவதையும் கும்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். முனைகள் உயிரோடு இருந்திருந்தால் அக்னியூ சோழபுரத்தில் சாவகாசமாக முடிசூட்டிக்கொண்டிருக்க முடியாது.

தொண்டிச்சாலை:
கோபுரத்தைக் காக்க மருதுக்கள் சரணடைந்தார்கள் என்ற கதையை இனி யாரும் இங்கே கொண்டுவர வேண்டாம். கோயில் தாக்குதலில் விழுந்தது. அவர்கள் அதற்குப் பிறகும் காட்டுக்குள் ஒதுங்கிப் போராடி, பிடிபட்டு, அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட 73 பேரை 1802 பிப்ரவரியில் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள்.

வைகைக்கரை:
கோயில் விழுந்ததற்கும் தூக்குக்கும் இடைப்பட்ட அந்த மூன்று வாரத்தைத்தான் நானும் கேட்கிறேன். சொந்தச் சீமையின் காட்டிலேயே அவர்களால் ஒரு மாதம்கூட மறைந்திருக்க முடியவில்லை. ஊர் இரண்டுபட்டதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.