சம்ப்பைக் கழற்றாமல் துளை போட்டாராம்!

பட்டறைவாசி:
நேற்று ராத்திரி இங்கே ஒரு தம்பி பெருமையாக எழுதியிருந்தார். 1994 மஸ்டா மியாட்டா, இரண்டு சீட் சின்ன ஸ்போர்ட்ஸ் கார், 1.8 லிட்டர் எஞ்சின். சனிக்கிழமை காலையில் டொரொன்டோ ஸ்கார்பரோவில் வீட்டு கராஜில் ஜாக் ஸ்டாண்டில் ஏற்றினாராம், ஞாயிறு சாயங்காலம் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற டர்போவோடு இறக்கினாராம். "மெக்கானிக்கிடம் கொடுப்பவன் ஏமாளி" என்று கடைசியில் உபதேசம் வேறு. சரி, இருக்கட்டும். டர்போவுக்குப் போன ஆயில் திரும்பி வருவதற்கு ஆயில் சம்ப்பில், அதாவது எஞ்சினுக்கு அடியில் இருக்கிற அலுமினிய ஆயில் தொட்டியில், ஒரு ஓட்டை வேண்டும். அதை சம்ப்பைக் கழற்றாமலே, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு துளைத்தேன் என்கிறார். நான் 22 வருஷம் ஸ்பானர் பிடித்தவன். கோயம்புத்தூரில் 9, கனடாவில் 13. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அந்த அலுமினியச் சீவல் எங்கே போனது?

கராஜ்குமரன்:
அந்தத் தம்பி நான்தான். சீவல் கிரீஸோடு வெளியே வந்தது சார். முதலில் சின்ன டிரில் பிட், அப்புறம் பெரிசு, கடைசியில் 18 மில்லிமீட்டர் பக்கம். பிட்டின் பள்ளத்தில் கிரீஸை அப்பி, நாலு சுற்று, வெளியே எடு, துணியில் துடை, மறுபடி கிரீஸ். அரை அங்குல மரை போட டேப் விட்டதும் அப்படித்தான், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இந்த ஒரு ஓட்டைக்கே மூன்று மணி நேரம். அப்புறம் மலிவு ஆயில் இரண்டு லிட்டர் ஊற்றி, அடியில் வடியவிட்டு, வெள்ளை பனியன் துணியில் வடிகட்டிப் பார்த்தேன். ஒரு மினுக்கு இல்லை. மியாட்டாவில் சம்ப் வெளியே வரணும்னா முன் சப்ஃப்ரேமை, முன்பக்கத்தைத் தாங்குகிற அந்த இரும்புச் சட்டத்தை, இறக்கணும், இல்லையென்றால் எஞ்சினைத் தூக்கணும். தெரியுமா, தெரியாதா?

பட்டறைவாசி:
தெரியும். இறக்கவும் செய்திருக்கிறேன். கழற்றுவது கஷ்டம் என்பதால் சீவல் உள்ளே விழாமல் இருந்துவிடுமா? துணியில் வந்ததைப் பார்த்தீர்கள். துணிக்கு வராததை எப்படிப் பார்த்தீர்கள்?

ஐந்தாம்கியர்:
அண்ணே, ஆயில் ஃபில்டர் என்று ஒன்று இருக்கே, அது எதற்கு?

பட்டறைவாசி:
வாங்க. ஆயில் போகிற வழியைச் சொல்கிறேன். சம்ப், அதில் ஒரு வலை, அப்புறம் பம்ப், அதற்கும் அப்புறம்தான் ஃபில்டர். வலை பெரிய துண்டை நிறுத்தும், பொடியை விட்டுவிடும். அந்தப் பொடி முதலில் பம்ப்பைத்தான் உரசும். இங்கே ஜனவரிக் குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் கெட்டியாக இருக்கும், ஃபில்டரில் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும், வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குக்குப் போகும். டர்போ ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலே ஓடுகிற சாமான், ஆயில் படலத்தில் மிதந்துகொண்டிருப்பது. அதற்குள் சீவல். யோசித்துப் பாருங்கள்.

ஐந்தாம்கியர்:
காந்தம் வைத்த டிரெயின் போல்ட் 15 டாலர்தான். அதைப் போட்டால் மொத்தத்தையும் பிடித்துவிடும்.

பட்டறைவாசி:
அலுமினியத்தைக் காந்தம் பிடிக்குமாம்! தம்பி, வீட்டில் சோற்றுப் பாத்திரம் இருக்கும். ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்துப் போய் அதில் ஒட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

மார்க்கம்மச்சான்:
அண்ணை, முதல்ல ஒரு விசயம். மியாட்டாவை ஸ்போர்ட்ஸ் கார் எண்டு சொல்லுறதே எனக்கு விளங்கேல்லை. இரண்டு பேர் இருந்தால் பையை மடியில வைக்க வேணும். டர்போ போட்டாலும் அது பொம்மை வண்டிதான்.

கராஜ்குமரன்:
ஆயிரம் கிலோ சொச்சம் எடை, பின்சக்கர இழுவை. வளைவில் உங்கள் எஸ்யூவி என் பின்னால் வந்து பார்க்கட்டும், அப்புறம் பொம்மையைப் பற்றிப் பேசலாம். பட்டறைவாசி சாருக்கு: மியாட்டாக்காரர்கள் எத்தனையோ வருஷமாகச் செய்கிற முறை இது. நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

பட்டறைவாசி:
எத்தனையோ பேர் ஹெல்மெட் இல்லாமலும்தான் போகிறார்கள். மஸ்டா கம்பெனியே 2004, 2005-ல் டர்போ மியாட்டா விற்றது, மஸ்டாஸ்பீட் என்று, 178 குதிரை சக்தி. அந்தத் தொழிற்சாலையில் வண்டியைப் பூட்டி முடித்த பிறகு அடியில் படுத்துக்கொண்டா சம்ப்பைத் துளைத்தார்கள்?

டியூனர்தமிழ்:
எல்லாருக்கும் வணக்கம். சம்ப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு முக்கியமானதைப் பேசலாமா? 94 மியாட்டாவின் கம்ப்ரஷன் 9-க்கு 1. கம்பெனி ஈசியூவுக்கு, எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டருக்கு, பூஸ்ட் (டர்போ தள்ளுகிற காற்றழுத்தம்) என்றால் என்னவென்றே தெரியாது. டர்போ கூடுதல் காற்றைத் தள்ளும்போது அதற்கேற்ற பெட்ரோலை ஊற்ற பழைய இன்ஜெக்டரால் முடியாது. இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கவில்லை என்றால் பெட்ரோல் தாறுமாறாக வெடித்து நாக்கிங் வரும், பிஸ்டனில் வளையம் பிடிக்கிற இடம் பெயர்ந்துவிடும். காற்று, பெட்ரோல் கலவையை அளக்கிற வைட்பேண்ட் சென்சார் போட்டீர்களா? தனி ஈசியூ என்ன? பூஸ்ட் எத்தனை பிஎஸ்ஐ? பழைய கிளட்ச் வழுக்கும், அந்த ஐந்து கியர் பெட்டியும் டார்க் (முறுக்கு விசை) ஏறினால் பல்லைக் கொட்டும். மியாட்டா எஞ்சின் போவது பெரும்பாலும் டியூனிங்கால்தான், சீவலால் இல்லை.

பட்டறைவாசி:
பார்த்தீர்களா, "பெரும்பாலும்" என்கிறார். அப்போது சீவலாலும் போகிறது என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.

டியூனர்தமிழ்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

பட்டறைவாசி:
மேலே எழுதியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள்.

கராஜ்குமரன்:
டியூனர் அண்ணா, மெகாஸ்குவர்ட் ஈசியூ போட்டிருக்கிறேன், வைட்பேண்ட் உண்டு, 7 பிஎஸ்ஐ, 94 ஆக்டேன் பெட்ரோல். கிளட்ச் மட்டும் பழசு, மூன்றாவது கியரில் அழுத்தினால் கொஞ்சம் வழுக்குது. அதை அடுத்த மாசம் பார்க்கணும்.

ஐந்தாம்கியர்:
கிளட்சும் ஒரே வார இறுதிக் கணக்கில் சேருமா? சும்மா கேட்டேன். அதோடு நேற்றைய பதிவில் நீங்கள் "கிட்", அதாவது முழு செட், என்று எழுதியிருக்கிறீர்கள். டர்போ பூட்டுகிற மேனிஃபோல்ட் குழாய் ஒருத்தரிடம் பழசாக, டர்போ இன்னொருத்தரிடம், காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் ஆன்லைனில். இதற்குப் பெயர் கிட்டா, கதம்பமா?

கராஜ்குமரன்:
காந்தத்தில் அலுமினியம் பிடிக்கிறவர் எனக்கு அகராதி சொல்லித்தர வேண்டாம்.

மார்க்கம்மச்சான்:
இன்சூரன்ஸ்காரருக்குச் சொன்னீங்களோ தம்பி? எஞ்சினில இப்பிடி மாத்தம் செய்தால் அறிவிக்க வேணும். ஒன்டாரியோவில டிரைவ் கிளீன் புகைச் சோதனை 2019-ல நிண்டு போச்சு எண்டதுக்காக எல்லாம் சரியெண்டில்லை.

கராஜ்குமரன்:
அது என் சொந்த விஷயம்.

பட்டறைவாசி:
சொல்லவில்லை என்று புரிகிறது. போகட்டும். நான் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. சீவல்.

கராஜ்குமரன்:
சார், வெளிப்படையாகவே கேட்கிறேன். இந்தக் கோபம் சீவலுக்கா, இல்லை போன டிசம்பருக்கா? நீங்கள் எனக்கு விற்ற நாலு ஸ்னோ டயரில் ஒன்று ஓரத்தில் ஒட்டுப்போட்டது. நான் இங்கே எழுதினேன். அன்றிலிருந்து என் பதிவு ஒவ்வொன்றிலும் வந்து நிற்கிறீர்கள்.

பட்டறைவாசி:
அந்த ஒட்டை விற்கும்போதே காட்டினேன். விலையில் 40 டாலர் குறைத்தேன். அதை ஏன் எழுதவில்லை?

கராஜ்குமரன்:
ராத்திரி ஒன்பது மணிக்கு, கார் பார்க்கிங் இருட்டில் காட்டினீர்கள்.

ஐந்தாம்கியர்:
பாத்திரத்தில் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டியது.

பட்டறைவாசி:
அது எவர்சில்வராக இருக்கும். அதிலும் சில வகை ஒட்டும். அலுமினியப் பாத்திரம் என்றேன்.

கராஜ்குமரன்:
600 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்று காலையில் ஃபில்டரை அறுத்து, காகிதத்தை விரித்துப் படம் போட்டிருக்கிறேன். எல்லாரும் பாருங்கள். சுத்தம்.

பட்டறைவாசி:
பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில், மூன்றாவது மடிப்பில் ஒன்று மினுங்குகிறது.

கராஜ்குமரன்:
அது போன் ஃபிளாஷ் சார்.

பட்டறைவாசி:
ஃபிளாஷ் ஒரே இடத்தில் மட்டும் மினுங்குமா?

டியூனர்தமிழ்:
அது ஆயில் துளி. குமரன், நீங்கள் அந்த கிளட்சை முதலில் மாற்றுங்கள். பெட்ரோல் மேப்பையும் (எப்போது எவ்வளவு ஊற்றணும் என்று ஈசியூவில் இருக்கிற அட்டவணை) எனக்கு அனுப்புங்கள், மேல் ஆர்பிஎம்மில் கலவை எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன்.

பட்டறைவாசி:
மேப்பில் சீவல் தெரியாது.

மார்க்கம்மச்சான்:
அண்ணை, அந்த ஸ்னோ டயர் மாதிரி வேற செட் ஏதும் இருக்கே? 14 அங்குலம். மருமகனுக்கு வேணும்.

பட்டறைவாசி:
ஒரு செட் இருக்கு. தனிச்செய்தி போடுங்க. பகலிலேயே வந்து பாருங்க. குமரன் தம்பி, ஃபில்டர் மட்டும் போதாது, சம்ப்பைக் கழற்றி உள்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

கராஜ்குமரன்:
சப்ஃப்ரேமை இறக்க நீங்கள் வருவதாக இருந்தால் கழற்றுகிறேன்.

பட்டறைவாசி:
மெக்கானிக்கிடம் கொடுப்பவன் ஏமாளி என்றீர்களே?